நைட்ரேட் எங்கே போகிறது?

மதுரை மாநகரிலும் அதைச் சூழ்ந்த மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டிச் சமவெளிகளிலும் குடிதண்ணீரைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், படித்தவர் படியாதவர் என்ற பேதமின்றி ஏறக்குறைய எல்லோரும் வந்து சேர்கிற அபிப்பிராயம் ஒன்று உண்டு. நிலத்தடி நீரில் நைட்ரேட் மிகுந்துவிட்டதா, ஓர் ஆர்.ஓ. இயந்திரத்தை வாங்கி வையுங்கள். தெருவுக்கு ஒன்று வைக்க வசதியில்லாவிட்டால் ஊருக்கு ஒன்று. அதற்கும் வழியில்லையென்றால் கேன் தண்ணீர் இருக்கவே இருக்கிறது. விஞ்ஞானம் இந்த விவகாரத்தை எப்போதோ தீர்த்துவிட்டது என்பதே அது. இதைச் சொல்கிறவர்கள் தீய எண்ணத்தோடு சொல்வதில்லை. தங்கள் பிள்ளைகள் நல்ல தண்ணீர் குடிக்க வேண்டுமென்ற நியாயமான கவலையே அவர்களை அப்படிப் பேச வைக்கிறது. ஆயினும் அது பிழையான அபிப்பிராயம். நோயை மறைத்து வைத்து வளரவிடுகிற பிழை. அதை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை, நாவில் தட்டும் ருசியும் இல்லை. உவர்ப்பு மிகுந்த தண்ணீரை ஜனங்கள் ‘உப்புத் தண்ணி’ என்று விலக்கிவிடுகிறார்கள். கலங்கல் தண்ணீரைத் துணியில் வடிகட்டுகிறார்கள். ஆனால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் நைட்ரேட் கரைந்துள்ள நீர், பளிங்கு போலத் தெளிந்து, ‘நல்ல தண்ணி’ என்ற பெயரோடே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. இந்தியத் தர நிர்ணயம் குடிநீருக்கு விதித்துள்ள எல்லை லிட்டருக்கு 45 மில்லிகிராம். வேறு ஆதாரம் கிடைக்காவிட்டாலும் இதற்கு மேல் சலுகை கிடையாது. உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் எல்லை 50. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024ஆம் ஆண்டறிக்கையின்படி, நாட்டில் பரிசோதித்த மாதிரிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்த எல்லையைத் தாண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் 37 சதவீதம். ராஜஸ்தானமும் கர்நாடகமும் மாத்திரமே நமக்கு முன்னால் நிற்கின்றன. 2017இல் 359 மாவட்டங்களில் காணப்பட்ட மிகை நைட்ரேட் 2023இல் 440 மாவட்டங்களில் காணப்பட்டது. வீட்டு ஆர்.ஓ. இயந்திரங்களின் வியாபாரம் செழித்த காலமும் இதுவேதான். இயந்திரம் பெருகப் பெருக நோயும் பெருகியிருக்கிறதென்றால், இயந்திரம் நோயின் மூலத்தைத் தொடவில்லை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

ஆர்.ஓ. வாங்க முடியாத வீடுகளில் நம்பப்படுகிற பரிகாரம் தண்ணீரைக் காய்ச்சுவது. கிருமிக்கு அது தக்க மருந்து, நைட்ரேட்டுக்கோ நேர்விரோதமானது. சரியாக 45 மில்லிகிராம் உள்ள ஒரு லிட்டர் நீரைக் குழந்தையின் பால் பவுடருக்கென்று முக்கால் லிட்டராகச் சுண்டக் காய்ச்சினால், நீராவி போய்விடுகிறது, நைட்ரேட் போவதில்லை. மிஞ்சிய நீரில் அதன் அளவு 60 ஆகிவிடுகிறது. கைக்குழந்தையின் குடலில் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி, இரத்தத்தின் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியைக் கெடுத்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கும் நோயை உண்டாக்குகிறது என்பதை அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹன்டர் கோம்லி என்ற மருத்துவர் 1945இலேயே கிணற்று நீரை ஆராய்ந்து வெளியிட்டுவிட்டார். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் சிசுவுக்கு இந்த அபாயம் மிகக் குறைவு. புட்டிப்பாலை நம்பியிருக்கும் சிசுவுக்கு, தாய் சிரத்தையோடு காய்ச்சி ஆற்றித் தருகிற அந்த நீரே அபாயமாகிறது. காய்ச்சுவதும், குளோரின் இடுவதும், படிகாரம் போடுவதும், கரி வடிகட்டியும், புற ஊதா விளக்கும் நைட்ரேட்டை அசைக்கமாட்டா. ஆயினும் இவற்றுள் இரண்டு மூன்றைச் சேர்த்து ஒரு பெட்டிக்குள் வைத்து ‘சுத்திகரிப்பு இயந்திரம்’ என்று விற்கிறார்கள். வாங்குகிறவர் உள்ளே ஆர்.ஓ. சவ்வு இருக்கிறதா இல்லையா என்றுகூடக் கேட்பதில்லை.

விற்பனை நடக்கிற விதத்தை ஒரு கணம் அருகிலிருந்து பார்ப்பது நல்லது. விற்பனையாளர் வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து, பேனா போன்ற கருவியை அதில் அமிழ்த்துகிறார். ஓர் எண் தோன்றுகிறது. பிறகு மின்சாரம் பாயும் இரண்டு கம்பிகளை அதே நீரில் இறக்குகிறார். சிறிது நேரத்தில் தண்ணீர் செங்காவியாகித் திரிந்துபோகிறது. வீட்டார் திகைத்து நிற்கிறார்கள். அந்தச் செந்நிறம் கம்பியின் இரும்பு கரைந்து வந்த நிறம். நீரிலிருந்த அழுக்கின் நிறமன்று. அந்தப் பேனா காட்டிய எண்ணும் கரைந்துள்ள உப்புகள் அனைத்தின் மொத்த அளவு. நைட்ரேட் அதில் எவ்வளவு என்று சொல்லும் வல்லமை அக்கருவிக்கு இல்லை. மொத்த உப்பு 400 மட்டுமே உள்ள ‘இனிப்பான’ நீரில் நைட்ரேட் 80 இருக்கலாம். மொத்த உப்பு 1200 உள்ள உவர்நீரில் அது 10 ஆகவும் இருக்கலாம். 2019ஆம் ஆண்டு மே மாதத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், மொத்த உப்பு 500க்குக் குறைந்த இடங்களில் ஆர்.ஓ. இயந்திரங்களைத் தடை செய்ய வேண்டுமென்று உத்தரவிட்டபோது, நீர் விரயத்தைத் தடுக்கும் அந்த நல்ல நோக்கத்திலும் இந்த மொத்த உப்புக் கணக்கே அளவுகோலாக நின்றது. விற்கிறவருக்கும் தடுக்கிறவருக்கும் ஒரே தவறான அளவுகோல்.

இனி, உண்மையான ஆர்.ஓ. இயந்திரமே இருக்கிறதென்று கொள்வோம். ஊர் மந்தையில், கோயிலுக்கு எதிரே, நீல வர்ணம் பூசிய சிறிய அறை. நாணயம் போட்டால் குடம் நிறைகிறது. பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். அறையின் முன்புறத்தைப் பார்க்கிறவர்கள் பின்புறத்தையும் சென்று பார்க்க வேண்டும். அங்கே ஒரு பிளாஸ்டிக் குழாய் இடைவிடாமல் ஒழுகிக்கொண்டிருக்கும். அடியில் வெண்ணிறப் பொருக்குப் படிந்த மண். சற்றுத் தள்ளி ஒரு பள்ளம். பள்ளத்தில் தேங்கிய நீர் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். கணக்கை எளிதாகவே போடலாம். லிட்டருக்கு 100 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள மூன்று லிட்டர் நீரை உள்ளே விட்டு ஒரு லிட்டர் நல்ல நீரை எடுப்பதாகவும், அந்த ஒரு லிட்டரில் 15 மில்லிகிராம் எஞ்சுவதாகவும் கொண்டால், உள்ளே போன 300இல் 285 மில்லிகிராம் கழிவாக வரும் இரண்டு லிட்டரில் நிற்கிறது, லிட்டருக்கு 142.5. அதில் ஒரு மில்லிகிராம்கூட அழியவில்லை. முன்னைக் காட்டிலும் செறிந்து, எந்தப் பூமியிலிருந்து வந்ததோ அந்தப் பூமிக்கே, பெரும்பாலும் அதே ஆழ்துளைக் கிணற்றின் அருகிலேயே திரும்பிப் போகிறது. இந்த இயந்திரத்தின் காரியத்தை ‘நீக்குதல்’ என்று அழைப்பதற்கு நியாயம் எங்கே இருக்கிறது?

சவ்வும் நிரந்தரமானதன்று. நைட்ரேட் சிறிய அயனி, ஒற்றை மின்னூட்டம் உடையது; சுண்ணத்தையும் சல்பேட்டையும் தடுக்கிற அளவுக்குச் சவ்வு அதைத் தடுப்பதில்லை. சவ்வு முதிர்ந்து தளர்ந்தால் மற்றவற்றைவிட இதுவே முன்னதாகக் கசிந்து வருகிறது. சவ்வை எப்போது மாற்ற வேண்டுமென்று யார் தீர்மானிக்கிறார்கள்? தண்ணீரின் ருசி மாறியதென்று ஜனங்கள் புகார் சொல்லும்போது. ருசியில்லாத ஒரு பொருளைக் காக்கும் காவலை ருசியிடம் ஒப்படைத்திருக்கிறோம்.

இயந்திரத்தைச் சீர்படுத்தினால் போதாதா, அயனிப் பரிமாற்ற முறை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. பிசின் மணிகள் நைட்ரேட்டைப் பிடித்துக்கொண்டு அதற்கு ஈடாகக் குளோரைடை விடுகின்றன. மணிகள் நிறைந்ததும் உப்புக் கரைசலால் கழுவ வேண்டும். கழுவிய நீர் உப்பும் நைட்ரேட்டுமாகச் செறிந்து வெளியேறுகிறது. சாதாரணப் பிசின் சல்பேட்டையே முதலில் விரும்பிப் பிடிக்கும் ஆதலால், கழுவுவதில் தாமதம் நேர்ந்தால் வருகிற சல்பேட் முன்பு பிடிபட்ட நைட்ரேட்டைத் தள்ளிவிட்டு, உள்ளே போன நீரில் இருந்ததைவிட அதிக நைட்ரேட் வெளியே வரும். இவ்வித ஆலைகளில் உலகப் புகழ் பெற்ற ஒன்றை, கோம்லியின் அதே அயோவாவில், டெ மாயின் நகரக் குடிநீர் நிறுவனம் 1992 முதல் நடத்திவருகிறது. செல்வமும் பொறியியல் ஞானமும் நிறைந்த அந்நகரம் 2015இல் மேற்புறத்து மூன்று மாவட்டங்களின் வடிகால் அமைப்புகள் மீது வழக்குத் தொடர வேண்டிய நிலைக்கு வந்தது. வழக்கு 2017இல் தள்ளுபடியாயிற்று. 2025 கோடையில் ஆற்று நைட்ரேட் ஏறி, ஆலை ஈடுகொடுக்க மாட்டாத நிலையில், புல்தரைக்கு நீர் பாய்ச்சக் கூடாதென்று அப்பிரதேசம் முழுவதும் தடை விதித்தார்கள். முப்பது ஆண்டுக்கு மேலாக நீக்கிக்கொண்டே இருக்கிறவர்களின் கதி இதுவென்றால், மாதமொரு முறைகூடப் பார்வையிட ஆளில்லாத நம் ஊராட்சி இயந்திரத்தின் கதியை ஊகிப்பது கடினமன்று.

நைட்ரேட்டை மெய்யாகவே இல்லாமற்செய்கிற வழி ஒன்றுண்டு. காற்றுப் புகாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள், சுவாசிக்கப் பிராணவாயு இல்லாதபோது நைட்ரேட்டின் பிராணவாயுவைப் பறித்துக்கொண்டு, எஞ்சிய நைட்ரஜனை வாயுவாக்கி ஆகாயத்தில் விட்டுவிடுகின்றன. ஐரோப்பாவில் சில நகரங்கள் இதையே தொட்டிகளுக்குள் அமைத்து, எதனால் போன்ற உணவை அந்நுண்ணுயிர்களுக்கு அளவோடு ஊட்டி, பிறகு வடிகட்டிக் குளோரின் இட்டுக் குடிநீர் ஆக்குகின்றன. தேர்ந்த மேற்பார்வை வேண்டிய முறை அது, சிற்றூருக்கு ஏற்றதன்று. ஆனால் நீர் நிறுத்திய நெல்வயலின் சேற்றில் இதே காரியம் செலவில்லாமல் நடக்கிறது. கிணற்றுப் பாசனத்தில் மல்லிகையும் வெங்காயமும் கத்தரியும் விளையும் தோட்டக்காலில், மண் காற்றோட்டமாக இருப்பதால் அது நடப்பதில்லை. வேருக்கு எட்டாத நைட்ரேட் பாய்ச்சும் நீரோடு கீழே இறங்கிவிடுகிறது. அந்தக் கிணற்று நீரிலேயே ஏற்கெனவே நைட்ரேட் இருக்கும்போது, அதையும் ஓர் உரமாகக் கணக்கிட்டு யூரியாவைக் குறைக்கலாமென்று குடியானவருக்கு எவரேனும் சொல்லியிருக்கிறார்களா?

யூரியா என்றதும், குற்றம் முழுவதையும் விவசாயி தலையில் சுமத்துகிற வேறொரு அபிப்பிராயம் உடனே எழுந்து நிற்கிறது. அதையும் நான் மறுக்கிறேன். 45 கிலோ மூட்டை யூரியாவில் நைட்ரஜன் 20.7 கிலோ, அது முழுதும் நைட்ரேட்டானால் ஏறத்தாழ 92 கிலோ. அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் நிலத்தடிக்கு இறங்கினாலும், நைட்ரேட்டே இல்லாத இரண்டு லட்சம் லிட்டர் நீரை அனுமதி எல்லையின் உச்சிக்குக் கொண்டுபோக அது போதும். மெய்தான். ஆனால் மனிதர் ஒருவர் ஆண்டொன்றுக்கு மலஜலத்தில் கழிக்கும் நைட்ரஜன் சுமார் மூன்றரை முதல் நான்கு கிலோ. ஐந்து பேர் உள்ள குடும்பம் கழிப்பது கிட்டத்தட்ட ஒரு மூட்டை யூரியாவுக்குச் சமம். வயலில் இட்ட மூட்டையிலிருந்து பயிர் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. செப்டிக் டேங்க் அருகில் அப்படி எடுத்துக்கொள்ளப் பயிர் எதுவும் இல்லை. 2011இல் மாநகராட்சியின் எல்லை விரிந்து நூறு வார்டுகளானபோது உள்ளே வந்த புறநகர்களில், பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்களில், மூன்று சென்ட் மனையொன்றை நினைத்துப் பாருங்கள். ஈசானிய மூலையில் போர்; வாயு மூலையில் சிமென்ட் உறை இறக்கிய கழிவுக்குழி; இரண்டுக்கும் இடையே முப்பது நாற்பது அடிக்கு மேல் இராது. தம் குழியைத் தூரத்தில் வைத்தவருக்கும், அடுத்த மனைக்காரரின் குழி தம் போருக்குச் சுவரை ஒட்டியே அமைந்துவிடுகிறது.

மண் எல்லாவற்றையும் வடிகட்டிவிடும் என்று சமாதானம் சொல்வார்கள். 1877இல் பிரான்சில் ஷ்லோசிங், மியூன்ட்ஸ் என்ற இருவர், மணல் நிரப்பிய குழாயின் மேல் சாக்கடை நீரைச் சிறிது சிறிதாக விட்டு, கீழே வடிந்ததைப் பல நாள் சோதித்தார்கள். முதலில் மாற்றமில்லை, இருபது நாள் சென்றபின் வடிந்த நீர் தெளிந்து வந்தது, அதில் அம்மோனியாவுக்குப் பதில் நைட்ரேட் இருந்தது, குளோரோஃபாம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றது. மண்ணின் உயிர்களே சாக்கடையை நைட்ரேட்டாக்குகின்றன என்று அன்று நிரூபணமாயிற்று. மண் வடிகட்டித் தருகிற தெளிவும் துர்நாற்றமின்மையும் அந்தச் செய்கையின் பலனே; நைட்ரேட்டும் அதே செய்கையின் பலனே. தொழுவமும் எருக்குழியும் இருந்த பழைய ஊர் மண்ணைக் கரைத்து வெடியுப்புக் காய்ச்சிய தொழில் இந்நாட்டில் நூற்றாண்டுகள் நடந்தது; ஊர் மண்ணில் நைட்ரேட் விளையும் என்பதை நம் முன்னோர் பிரத்தியட்சமாக அறிந்தே இருந்தார்கள். அவனியாபுரத்தில் நகரின் கழிவுநீரைப் பாய்ச்சிப் புல் வளர்த்தபோது, அந்த நைட்ரஜனில் ஒரு பங்கையாவது புல் உண்டது, புல்லை மாடு உண்டது. சாக்கடையாகிவிட்ட கிருதுமால் நதியில் அதை உண்பாரில்லை.

வைகை நீரும் முல்லைப் பெரியாற்று நீரும் குழாயில் வருகின்றனவே, இனி நிலத்தடி நீரைப் பற்றிக் கவலை எதற்கு என்பது அடுத்த வாதம். லோயர் கேம்பிலிருந்து நாளொன்றுக்கு 125 மில்லியன் லிட்டர் நீரை மதுரைக்குக் கொண்டுவர வகுத்த திட்டத்தை நான் மனமார வரவேற்கிறேன். மலையிலிருந்து வரும் நீரில் நைட்ரேட் சொற்பம். அதை ஊற்று நீரோடு கலந்து கொடுத்தாலே பல இடங்களில் அளவு எல்லைக்குள் வந்துவிடும். ஆனால் அணை வறண்ட கோடையில் நகரம் எதை நம்பியது, இனியும் எதை நம்பும்? வைகை மணலிலும் வீட்டு போரிலும் உள்ள நீரைத்தான். நகரத்துக்கு மேற்கே மேலக்காலிலும் கோச்சடையிலும் ஆற்று மணலில் கிணறு இறக்கியதைப் போலவே, கிழக்கே, நகரின் சாக்கடை கலந்த ஓட்டத்துக்குக் கீழே, மணலூரிலும் இறக்கியிருக்கிறோம். ஆழமாகப் போர் போட்டால் தப்பலாம் என்பதும் வீண் நம்பிக்கை. நம் பூமி பாறைப் பூமி. மேலுள்ள உக்கல் பாறையின் நீர், வெடிப்புகள் வழியாகவும், சரியாகக் குழாய் இறக்காத போரின் வழியாகவுமே ஆழத்தை அடைகிறது.

நீலம் பாரித்த குழந்தையை இங்கே கண்டவர் யார் என்று சிலர் கேட்கிறார்கள். இரத்தத்தைச் சோதிக்காத ஊரில் இந்நோய் எந்தப் பெயரில் பதிவாகும் என்று அவர்கள் யோசிக்க வேண்டும். ராஜஸ்தானத்தில் சோதித்துப் பார்த்தவர்கள் சிசுக்களிடம் மட்டுமின்றிப் பெரியவர்களிடமும் இரத்தத்தில் அம்மாறுதலைக் கண்டார்கள். டென்மார்க்கில் 27 லட்சம் பேரின் குடிநீரையும் நோய்ப் பதிவுகளையும் ஒப்புநோக்கி 2018இல் வெளிவந்த ஆய்வு, அனுமதி எல்லைக்கு மிகக் கீழான அளவுகளிலேயே பெருங்குடல் புற்றுநோயோடு ஒரு தொடர்பைக் காட்டியது. தொடர்பு என்பது முடிந்த முடிவன்று; அலட்சியம் செய்யத்தக்கதும் அன்று.

எதிர்த்தரப்பின் வாதங்களுள் ஒன்றை மட்டும் நான் முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். மூலத்தை அடைத்தாலும் பூமிக்குள் ஏற்கெனவே இறங்கிய நைட்ரேட் கழிய ஆண்டுகள் பலவாகும். இன்று பிறந்த குழந்தை அதுவரை காத்திருக்க முடியாது. ஆகவே இயந்திரம் வேண்டும். எலும்பு முறிந்தவருக்குக் கட்டுப்போடுவது போல அது வேண்டும். கட்டைப் போட்டுவிட்டு அவரை நாள்தோறும் அதே மாடியிலிருந்து தள்ளுவதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன். டென்மார்க் 1987 முதல் உரத்துக்கும் எருவுக்கும் சட்டத்தால் வரம்பு கட்டியது. இன்றும் அந்நாட்டார் பெரும்பாலும் காற்றூட்டி மணலில் வடித்த நிலத்தடி நீரையே குடிக்கிறார்கள். மியூனிக் நகரம் 1992 முதல் தன் நீர் ஊறும் மங்ஃபால் பள்ளத்தாக்கின் குடியானவர்களுக்குப் பணம் கொடுத்து இயற்கை விவசாயத்துக்கு மாற்றியது. ஏறிக்கொண்டிருந்த நைட்ரேட் இறங்கலாயிற்று. அங்கே விவசாயியை நீரின் காவலராக மதித்து ஊதியம் தந்தார்கள். இங்கே 2010இல் மற்ற உரங்களின் மானிய முறையை மாற்றியபோது யூரியாவை மட்டும் விலக்கி, 45 கிலோ மூட்டையைச் சுமார் 242 ரூபாய் விலையிலேயே நிறுத்தி, மிகையாக இடத் தூண்டிவிட்டு, பிறகு இட்டவரையே பழிக்கிறோம்.

செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. புறநகர்த் தெருக்களுக்குப் பாதாளச் சாக்கடை, அது வரும்வரை அடித்தளம் பூசி அடைத்த தொட்டி, குறித்த காலத்தில் அதை வாரிச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்க்கும் ஏற்பாடு, கண்மாய்க்குச் சாக்கடை போகாத காவல், யூரியாவைப் பிரித்து இடவும், கொழிஞ்சியும் தக்கைப்பூண்டும் விதைக்கவும், கிணற்று நீரின் நைட்ரேட்டைக் கணக்கில் கொள்ளவும் குடியானவருக்கு ஆலோசனையும் ஊதியமும், ஆர்.ஓ. வைக்கும் ஊராட்சி அதன் கழிவுநீர் எங்கே போகிறதென்று எழுத்தில் சொல்லாமல் அனுமதி பெறக்கூடாதென்ற விதி. இவற்றுள் எதுவும் புதிய விஞ்ஞானத்தை வேண்டி நிற்பதில்லை.

வாசகர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடம் மதுரையில் இருக்கிறது. ஜல் ஜீவன் திட்டத்தின்படி ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்கு நீர்ப் பரிசோதனைப் பயிற்சி அளிக்கவும், அதற்குரிய பெட்டியைத் தரவும் ஏற்பாடு உண்டு. உங்கள் தெருவுக்குத் தண்ணீர் தரும் போரிலும், உங்கள் ஆர்.ஓ. அறையிலிருந்து வரும் நீரிலும், அதன் பின்புறக் குழாயில் ஒழுகும் நீரிலும் நைட்ரேட் எவ்வளவு என்று மூன்று எண்களைக் கேளுங்கள். அடுத்த கிராம சபையில் அவற்றை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். மேல்நிலைத் தொட்டியின் சுவரில் தேதியோடு எழுதச் சொல்லுங்கள். போர் நீரின் எண் 45க்குக் கீழே வரும்வரை, புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்குப் போர்த் தண்ணீரைக் காய்ச்சியும் கொடுக்காதீர்கள்.